ஐந்து நட்சத்திர வீரரால் அணிக்கு ஆதாயம் உண்டா? கல்லூரி ஃபுட்பால் சேர்க்கையை எடைபோடும் வழி

ஆண்டுதோறும் டிசம்பர் மாதம் அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளின் விளையாட்டரங்குகளில் ஒரே மாதிரியான காட்சி அரங்கேறும். அமெரிக்க ஃபுட்பால் ஆடும் பதினேழு பதினெட்டு வயது இளைஞர் ஒருவர் பெற்றோருடன் மேசைக்குப் பின்னால் அமர்ந்திருப்பார். எதிரே மூன்று நான்கு பல்கலைக்கழகங்களின் தொப்பிகள் வரிசையாக இருக்கும். அவற்றுள் ஒன்றை எடுத்து அவர் தலையில் வைத்துக்கொண்டதும், கோப்பையே கைக்கு வந்துவிட்டதுபோல் அந்தப் பல்கலைக்கழகத்தின் ரசிகர்கள் கொண்டாடுவார்கள். மதிப்பீட்டு நிறுவனங்கள் தரும் மிக உயர்ந்த தரமான ஐந்து நட்சத்திரங்கள் அவர் பெயருக்குப் பக்கத்தில் இருந்துவிட்டால் கொண்டாட்டம் இன்னும் ஒரு மாதம் நீளும். மூன்று ஆண்டுகள் கழித்து அதே இளைஞர், தொழில்முறை லீகான என்.எஃப்.எல். அணிகள் கல்லூரி வீரர்களைச் சுற்றுச் சுற்றாகத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் முதல் சுற்றிலேயே எடுக்கப்படுவதும் உண்டு. ஆளே அடையாளம் தெரியாமல் மூன்றாவது பல்கலைக்கழகத்தின் சட்டையில் ஆடிக்கொண்டிருப்பதும் உண்டு.

இத்தகைய வீரர்களுக்காகப் பல்கலைக்கழகங்கள் கொட்டும் பணத்துக்கும் உழைப்புக்கும் ஏற்ற பலன் கிடைக்கிறதா என்பதை ரசிகர் ஒருவர் தாமே கணக்கிட்டுப் பார்ப்பது எப்படி என்று விளக்குவதே இந்தக் கட்டுரையின் நோக்கம். இதைச் சொல்வதற்கு எனக்கு என்ன தகுதி என்று கேட்டால், தோற்ற பந்தயம்தான். ஹூஸ்டனில் வசிக்கும் நான், 2022ஆம் ஆண்டு டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகம் சேர்த்த புதுமுகங்களின் பட்டியலைப் பார்த்து மயங்கி, அந்த அணி பத்து ஆட்டங்களுக்குக் குறையாமல் வெல்லும் என்று அலுவலக நண்பரிடம் பிரியாணிப் பந்தயம் கட்டினேன். அந்தப் பட்டியல், தரவரிசைகள் வெளியாகத் தொடங்கியதிலிருந்து அதுவரை எந்த அணியும் சேர்த்திராத அளவுக்கு உயர்ந்த மதிப்பெண் பெற்றது. அந்தப் பருவத்தில் அணி 5 ஆட்டங்களில் வென்று 7 ஆட்டங்களில் தோற்றது.

நட்சத்திரம் எதை அளக்கிறது

முதலில் அளவுகோலைப் புரிந்துகொள்ள வேண்டும். 247ஸ்போர்ட்ஸ், ரைவல்ஸ், ஈஎஸ்பிஎன் போன்ற நிறுவனங்கள் பள்ளி வீரர்களின் ஆட்டக் காணொளிகளையும், கோடைக்கால முகாம்களில் எடுக்கப்படும் உயரம், எடை, ஓட்ட நேரம் போன்ற அளவுகளையும் பார்த்து மதிப்பெண் இடுகின்றன. 247ஸ்போர்ட்ஸ் தன் மதிப்பெண்ணோடு மற்ற நிறுவனங்களின் மதிப்பெண்களையும் கலந்து ஒரு கூட்டு மதிப்பெண்ணும் தருகிறது; பொதுவாக ரசிகர்கள் மேற்கோள் காட்டுவது அதைத்தான். ஓர் ஆண்டில் ஐந்து நட்சத்திரம் பெறுபவர்கள் ஏறத்தாழ முப்பது பேர். இந்த எண்ணிக்கை தற்செயலானதல்ல. என்.எஃப்.எல். டிராஃப்டின் முதல் சுற்றில் 32 இடங்கள் இருப்பதை மனத்தில் வைத்தே அது வகுக்கப்பட்டிருக்கிறது. நான்கு நட்சத்திரம் பெறுபவர்கள் சில நூறு பேர். மூன்று நட்சத்திரம் பெறுபவர்கள் ஆயிரத்தைத் தாண்டுவார்கள்.

ஆகவே ஐந்து நட்சத்திரம் என்பதன் பொருள் ‘இவர் கல்லூரி அணிக்கு நிறைய வெற்றிகளைத் தேடித் தருவார்’ என்பதன்று. ‘இவர் என்றாவது ஒருநாள் என்.எஃப்.எல். முதல் சுற்றில் எடுக்கப்படக்கூடும்’ என்பதே அதன் பொருள். இந்த வேறுபாட்டைக் கவனிக்காமல் விடுவதுதான் பெரும்பாலான வாதங்களின் கோளாறு. ஏ அண்ட் எம் அணியின் அந்த 2022 சேர்க்கையில் இடம்பெற்ற ஐந்து நட்சத்திர டிஃபென்சிவ் எண்ட் (தடுப்பு வரிசையின் ஓரத்தில் நிற்பவர்) ஷெமார் ஸ்டூவர்ட் மூன்று பருவங்கள் அங்கேயே ஆடினார். எதிரணியின் தாக்குதலை நடத்திப் பந்தை எறியும் குவார்ட்டர்பேக்கைப் பந்தோடு வீழ்த்தும் ஸாக் என்ற கணக்கில் மூன்று பருவங்களிலும் சேர்த்து அவர் எடுத்தது நாலரை. ஆனாலும் 2025 டிராஃப்டில் சின்சினாட்டி பெங்கால்ஸ் அணி அவரை 17ஆவது ஆளாக முதல் சுற்றிலேயே எடுத்துக்கொண்டது. உடலமைப்பும் வேகமும் அப்படி. நட்சத்திரம் இட்டவர்களின் கணிப்பு பலித்தது. கல்லூரி அணிக்குக் கிடைத்த ஆதாயமோ சொற்பம்.

எனவே வீரர் ஒருவரின் பெயரைக் கேட்டதும் நட்சத்திரத்தை எண்ணாமல், அதன் பின்னால் இருக்கும் தசம எண்ணைப் பார்க்க வேண்டும். கூட்டு மதிப்பெண்ணில் 0.8900 என்பது நான்கு நட்சத்திரத்தின் தொடக்கம். 0.8895 பெற்றவரும் 0.8905 பெற்றவரும் ஏறக்குறைய ஒரே தரத்தவர்தாம். ஆனால் முதல்வருக்கு மூன்று நட்சத்திரம், அடுத்தவருக்கு நான்கு. கோட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நிற்கும் இருவரை ஒப்பிட்டு ‘மூன்று நட்சத்திரக்காரர் நான்கு நட்சத்திரக்காரரை முந்திவிட்டார், பார்த்தீர்களா’ என்று பேசுவதில் பொருளில்லை. நான்கு நட்சத்திரம் என்ற ஒரே தட்டுக்குள்ளேயே மேல்முனைக்கும் கீழ்முனைக்கும் இருக்கும் தூரம் அதைவிட மிகப் பெரியது.

அடுத்து, மதிப்பெண் எப்போது உயர்ந்தது என்று பாருங்கள். பள்ளி இறுதியாண்டுக்கு முன்பே முகாம்களில் ஓடிக்காட்டிப் பெற்ற உயர்வு வேறு. இறுதியாண்டு ஆட்டங்களைப் பார்த்தபின் கிடைத்த உயர்வு வேறு. பின்னதை நான் கூடுதலாக நம்புகிறேன். பெரிய பல்கலைக்கழகம் ஒன்று அழைப்பு விடுத்தவுடன் ஏறும் மதிப்பெண்ணைப் பற்றி ரசிகர்கள் கேலி பேசுவது வழக்கம். ஆனால் வீரர்களை நேரில் பார்த்து, பயிற்சியாளரிடமும் ஆசிரியரிடமும் விசாரித்துத் தேர்ந்தெடுப்பதில் கைதேர்ந்த ஒரு பயிற்சிக் குழு அழைக்கிறது என்பதே ஒரு தகவல்தான். அதை மதிப்பெண்ணில் சேர்த்துக்கொள்வதைப் பிழை என்று நான் சொல்லமாட்டேன்.

பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதமாகாத இடம்

நட்சத்திரங்களை நம்பாதவர்கள் எடுத்துவைக்கும், பள்ளியில் கவனிக்கப்படாமல் பின்னாளில் என்.எஃப்.எல்.லில் புகழ்பெற்றவர்களின் பட்டியல் எல்லோருக்கும் மனப்பாடம். கலிஃபோர்னியாவின் ஃபயர்பா என்ற சிற்றூரைச் சேர்ந்த ஜாஷ் ஆலனுக்குப் பள்ளி முடித்தபோது பெரிய பல்கலைக்கழகம் எதுவும் இடம் தரவில்லை. ரீட்லி என்ற ஈராண்டுக் கல்லூரியில் ஆடி, பிறகு வயோமிங் சென்று, 2018 டிராஃப்டில் ஏழாவது ஆளாக எடுக்கப்பட்டார். ஜே.ஜே. வாட் இரண்டு நட்சத்திரக்காரர். சென்ட்ரல் மிச்சிகனை விட்டுவிட்டு, உதவித்தொகை இல்லாமலேயே விஸ்கான்சின் அணியில் இடம்பிடித்தவர். ஆரன் டொனால்டு மூன்று நட்சத்திரத்தோடு பிட்ஸ்பர்க் சென்றவர். இவை அனைத்தும் உண்மை. ஆனால் ஒரு சோற்றை எடுத்து நசுக்கிப் பார்த்து முழுப் பானையையும் அறியும் சமையலறைப் பக்குவம் இங்கே உதவாது. ஏனென்றால் இந்தப் பானையில் ஒவ்வொரு சோறும் வெவ்வேறு பதத்தில் வேகிறது.

கணக்கை இப்படிப் போட்டுப் பாருங்கள். 2025 டிராஃப்டில் எடுக்கப்பட்டவர்கள் 257 பேர். ஓர் ஆண்டின் ஐந்து நட்சத்திரக்காரர்கள் முப்பது பேரும் ஒருவர் விடாமல் எடுக்கப்பட்டாலும், மீதி இருநூற்றுச் சொச்சம் இடங்களை நிரப்ப மற்றவர்கள்தாம் வர வேண்டும். ஆகவே ‘என்.எஃப்.எல்.லில் ஆடுபவர்களில் பெரும்பான்மையோர் ஐந்து நட்சத்திரம் பெறாதவர்கள்’ என்ற கூற்று எதையும் நிரூபிப்பதில்லை. முப்பது பேரால் இருநூற்றைம்பது நாற்காலிகளை நிரப்ப முடியாது என்பதைத்தான் அது சொல்கிறது. கேட்க வேண்டிய கேள்வி, முப்பது பேரில் எத்தனை பேர் தேறினார்கள், ஆயிரத்துச் சொச்சம் பேரில் எத்தனை பேர் தேறினார்கள் என்பது. ஐந்து நட்சத்திரக்காரர்களில் ஏறத்தாழ இருவருக்கு ஒருவர் டிராஃப்டில் எடுக்கப்படுகிறார். மூன்று நட்சத்திரக்காரர்களில் பத்தில் ஒருவர்கூட அப்படித் தேறுவதில்லை. விளையும் பயிர் முளையிலே தெரியும் என்பது இங்கே பாதி உண்மை. வயல் முழுவதையும் சேர்த்துப் பார்த்தால் தெரியும். தனிப் பயிரைப் பார்த்து அடித்துச் சொல்ல முடியாது.

அணியை மொத்தமாக எடைபோடுதல்

தனி வீரரைப் பற்றிய கணிப்பு பாதிக்குப் பாதி பொய்க்கிறது என்றால், அணிக்குக் கிடைக்கும் பாதுகாப்பு எண்ணிக்கையில்தான் இருக்கிறது. இதை அளக்க எளிய வழி, பட் எலியட் என்ற எழுத்தாளர் புழக்கத்துக்குக் கொண்டுவந்த ப்ளூ-சிப் விகிதம். கடந்த நான்கு ஆண்டுகளில் பள்ளியிலிருந்து நேரடியாகச் சேர்ந்த வீரர்களை எண்ணி, அவர்களில் நான்கு அல்லது ஐந்து நட்சத்திரம் பெற்றவர்கள் பாதிக்கு மேல் இருக்கிறார்களா என்று பார்ப்பதே அந்த முறை. எடுத்துக்காட்டாக, ஓர் அணி நான்கு ஆண்டுகளில் முறையே 22, 24, 20, 25 பேரைச் சேர்த்திருக்கிறது என்றும், அவர்களில் முறையே 12, 13, 9, 14 பேர் நான்கு அல்லது ஐந்து நட்சத்திரக்காரர்கள் என்றும் கொள்வோம். மொத்தம் 91 பேரில் 48 பேர். அதாவது ஏறக்குறைய 53 விழுக்காடு. இந்த அணி பாதி என்ற கோட்டைத் தாண்டிவிட்டது. காகிதமும் பேனாவும் இருந்தால் பதினைந்து நிமிட வேலை.

முதல்தரப் பிரிவில் 130க்கும் மேற்பட்ட அணிகள் ஆடுகின்றன. அண்மை ஆண்டுகளில் இந்தக் கோட்டைத் தாண்டியவை அவற்றுள் பதினைந்து முதல் பதினெட்டு என்ற அளவில்தான் இருந்தன. தேசிய சாம்பியன் பட்டமோ 2024 பருவம்வரை ஆண்டு தவறாமல் இந்தச் சிறு கூட்டத்துக்குள்ளேயே சுற்றிவந்தது. பயிற்சியாளர் நிக் சேபன் காலத்து அலபாமா, கிளெம்சன், எல்எஸ்யு, ஜார்ஜியா, 2023இல் மிச்சிகன், 2024 பருவத்தில் ஒஹாயோ ஸ்டேட் என்று வரிசையாக எல்லா அணிகளும் கோட்டுக்கு மேல் இருந்தவை. கோட்டுக்குக் கீழிருந்த டிசியூ (டெக்சாஸ் கிறிஸ்டியன் பல்கலைக்கழகம்) 2022 பருவத்தில் இறுதி ஆட்டம்வரை வந்து வியக்கவைத்தது. அங்கே ஜார்ஜியாவிடம் 65–7 என்ற கணக்கில் தோற்றது. ஒரு நல்ல நாளில் ஒரு பெரிய அணியை வீழ்த்தலாம். அடுத்தடுத்து இரண்டு மூன்று பெரிய அணிகளை வீழ்த்துவதற்குக் காயம்பட்டவருக்குப் பதிலாக இறங்குபவரும் தேர்ந்தவராக இருக்க வேண்டும் என்பதையே அந்த ஆட்டம் காட்டியது.

ஆனால் கோட்டைத் தாண்டுவது நுழைவுச்சீட்டு மட்டுமே. 2021இல் டெக்சாஸ், 2022இல் ஏ அண்ட் எம் ஆகிய இரண்டும் கோட்டுக்கு மேலிருந்தே 5–7 என்று முடித்தன. அதே டெக்சாஸ் 2023, 2024 ஆகிய இரண்டு பருவங்களிலும் தேசியப் பட்டத்துக்கான பிளேஆஃப் சுற்றின் அரையிறுதிவரை சென்றது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். சேர்க்கையின் பலன் சேர்ந்த ஆண்டிலேயே தெரிவதில்லை.

இந்தக் கோட்டுக்குக் கீழிருந்தே அந்த வழக்கத்தைத் தகர்த்தது இண்டியானா. 2023இல் 3–9 என்று முடித்த அந்த அணிக்குப் பயிற்சியாளராக வந்த கர்ட் சிக்னெட்டி, தாம் முன்பு பணியாற்றிய ஜேம்ஸ் மேடிசன் பல்கலைக்கழகத்திலிருந்து பத்துக்கும் மேற்பட்ட வீரர்களைத் தம்மோடு அழைத்து வந்தார். அடுத்த பருவத்தில் 11–2. அதற்கடுத்த 2025 பருவத்தில் தோல்வியே காணாமல் தேசியப் பட்டம். குவார்ட்டர்பேக் ஃபெர்னாண்டோ மெண்டோசா பள்ளி நாட்களில் பெரிய அணிகளின் கண்ணில் படாதவர். யேல் பல்கலைக்கழகத்துக்குச் செல்வதாக இருந்து, பிறகு மனம் மாறிக் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் ஆடி, அங்கிருந்து இண்டியானாவுக்கு வந்து, ஆண்டின் சிறந்த கல்லூரி வீரருக்கான ஹைஸ்மன் விருதும் வென்றார். இதைக் காட்டி நட்சத்திரங்களின் காலம் முடிந்துவிட்டது என்பவர்களோடு நான் உடன்படவில்லை. பள்ளி வீரருக்கு இடும் நட்சத்திரம் பதினேழு வயதில் எடுத்த புகைப்படம். இண்டியானாவின் களத்தில் இறங்கியவர்களோ இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயதில், கல்லூரி ஆட்டங்களிலேயே தங்களை நிரூபித்துவிட்டு வந்தவர்கள். புதிய காணொளி இருக்கும்போது பழைய புகைப்படத்தைப் பார்க்கத் தேவையில்லை. இனி ஓர் அணியை எடைபோடும்போது ப்ளூ-சிப் விகிதத்தோடு, இடம்மாறி வந்தவர்களில் எத்தனை பேர் முந்தைய அணியில் முழுப் பருவம் ஆடியவர்கள் என்பதையும் ஒரு தனி வரியில் குறித்துக்கொள்ள வேண்டும்.

எந்த இடத்தில் ஆடுபவர்

எல்லா ஐந்து நட்சத்திரங்களும் ஒரே விலைக்குத் தகுதியானவை அல்ல. முந்நூறு பவுண்டு எடையும் ஆறடி நான்கு அங்குல உயரமும் கொண்டு, பந்து அசைந்த கணத்தில் பாயக்கூடிய உடல் நாட்டில் சில பேருக்குத்தான் வாய்க்கும். அதனால் தடுப்பாட்டத்தின் முன்வரிசையில் நிற்கும் டிஃபென்சிவ் லைன் வீரர்கள் நட்சத்திரத்துக்கு ஏற்ற பலனைத் தருவது அதிகம். அத்தகையவரை யாரும் எளிதில் விட்டுக்கொடுப்பதுமில்லை. 2011இல் நாட்டின் முதலிட வீரராக மதிப்பிடப்பட்ட ஜடேவியன் கிளௌனி தம் சொந்த மாநிலத்துச் சௌத் கரோலைனா அணியில் சேர்ந்தார். அவர் ஆடிய மூன்று பருவங்களிலும் அந்த அணி பதினோரு ஆட்டங்கள் வென்றது. அதற்கு முன் அதன் வரலாற்றில் ஒருமுறைகூட அத்தனை வெற்றி கண்டதில்லை. ஆனால் அவர் வந்தபோது மார்கஸ் லாட்டிமோர், அல்ஷான் ஜெஃப்ரி, ஸ்டெஃபான் கில்மோர் என்று அதே மாநிலத்தின் தேர்ந்த வீரர்கள் ஏற்கெனவே அங்கே இருந்தார்கள் என்பதை மறந்துவிடக் கூடாது.

எறியும் பந்தைப் பிடிக்கும் ரிசீவர்களும் அவர்களைத் தடுக்கும் கார்னர்பேக்குகளும் அடுத்த நிலையில் வருவார்கள். வேகமும் கைத்திறனும் பள்ளியிலேயே தெரிந்துவிடும். உடல் முற்ற இரண்டு ஆண்டு காத்திருக்க வேண்டியதில்லை. 2024 சேர்க்கையில் முதலிடம் பெற்ற ஜெரமையா ஸ்மித் ஒஹாயோ ஸ்டேட்டில் தம் முதல் பருவத்திலேயே பந்தைப் பிடித்து 1,300 யார்டுகளைத் தாண்டினார். 2025 ஜனவரி 20 அன்று அட்லாண்டாவில் நடந்த இறுதி ஆட்டத்தில் 31–7 என்று முன்னிலையில் இருந்த ஒஹாயோ ஸ்டேட்டை நாட்ர டேம் 31–23 வரை நெருங்கிவிட்டது. மூன்று நிமிடத்துக்கும் குறைவான நேரம், மூன்றாம் டவுன் (பந்தை முன்னேற்றக் கிடைக்கும் நான்கு முயற்சிகளில் மூன்றாவது), தேவை 11 யார்டு. பந்தை எதிரணிக்கு விட்டுக்கொடுக்க நேர்ந்தால் ஆட்டம் சமனாகும் வாய்ப்பு இருந்தது. நேரத்தைக் கரைக்க ஓட்டத்தைத்தான் தேர்ந்தெடுப்பார்கள் என்று நான் நினைத்துக்கொண்டிருக்க, ஓரமாகப் பாய்ந்த ஸ்மித்தை நோக்கிப் பந்து உயர எறியப்பட்டது. தம்மைத் தடுக்க நின்றவரை ஓரடி முந்திச் சென்று அவர் பிடித்தார். 56 யார்டு. ஆட்டம் அங்கேயே முடிந்தது. பதினெட்டு, பத்தொன்பது வயதில் அந்தப் பந்தைப் பிடிக்கக்கூடியவருக்கு எவ்வளவு கொடுத்தாலும் தகும். அந்தப் பந்தை எறிந்த வில் ஹவர்ட் மூன்று நட்சத்திரக்காரர், கேன்சஸ் ஸ்டேட்டிலிருந்து இடம்மாறி வந்தவர் என்பது அடுத்த பாடத்துக்குப் பொருத்தமாக அமைந்துவிட்டது.

குவார்ட்டர்பேக் விஷயத்தில் மிகுந்த எச்சரிக்கை தேவை. மற்ற இடங்களில் இருவர் மூவர் மாறிமாறி ஆடலாம். இங்கே ஒருவர்தான் ஆடுவார், மற்றவர் பார்த்துக்கொண்டிருப்பார், பார்த்துச் சலித்ததும் கிளம்பிவிடுவார். 2018 சேர்க்கையின் முதல் இரு இடங்களைப் பெற்றவர்கள் டிரெவர் லாரன்ஸும் ஜஸ்டின் ஃபீல்ட்ஸும். லாரன்ஸ் முதல் ஆண்டிலேயே அலபாமாவை 44–16 என்று வீழ்த்தி கிளெம்சனுக்குப் பட்டம் வாங்கிக் கொடுத்தார். ஃபீல்ட்ஸ் ஜார்ஜியாவில் ஓராண்டு காத்திருந்துவிட்டு ஒஹாயோ ஸ்டேட்டுக்குப் போய்ப் புகழ்பெற்றார். ஜார்ஜியாவுக்கு அந்த ஐந்து நட்சத்திரத்தால் கிடைத்தது ஏறக்குறைய ஒன்றுமில்லை. பிறகு அதே ஜார்ஜியா, உதவித்தொகையின்றி அணிக்குள் வந்து, ஒருமுறை வெளியேறி ஈராண்டுக் கல்லூரியில் ஆடிவிட்டுத் திரும்பிய ஸ்டெட்சன் பென்னட்டை வைத்து 2021, 2022 என இரண்டு பட்டங்கள் வென்றது.

ஆனால் பென்னட்டின் கதையைச் சொல்பவர்கள் அவரைச் சுற்றி யார் இருந்தார்கள் என்று சொல்வதில்லை. 2021 பட்டத்துக்குப் பிறகு 2022 டிராஃப்டில் ஜார்ஜியாவிலிருந்து மட்டும் 15 பேர் எடுக்கப்பட்டனர். அதில் ஐந்து தடுப்பாட்டக்காரர்கள் முதல் சுற்றில் போனார்கள். நாட்டின் முதல் ஆளாக எடுக்கப்பட்ட டிராவன் வாக்கர் ஐந்து நட்சத்திரக்காரர். அவருக்குப் பக்கத்தில் ஆடிய பெருவுடலர் ஜோர்டன் டேவிஸ் மூன்று நட்சத்திரத்தோடு வந்தவர்.

குவார்ட்டர்பேக்கைக் காக்கும் அஃபென்சிவ் லைன் வீரர்கள் முதிர்ச்சி பெற இரண்டு மூன்று ஆண்டுகள் ஆகும். பள்ளியில் டைட் எண்டாக (பந்தும் பிடிக்கும் ஓர வீரர்) ஆடிய ஒல்லியான பையன் எடை கூட்டி அந்த லைனில் நல்ல டேக்கிளாக மாறுவது வழக்கம். பள்ளி முடித்து மூன்று ஆண்டுகள் கழியாமல் டிராஃப்டுக்குப் போக முடியாது என்பது என்.எஃப்.எல். விதி. ஆகவே ஐந்து நட்சத்திர டேக்கிள் ஒருவர் முழுத் திறனோடு ஆடுவது ஒன்று, ஒன்றரைப் பருவந்தான். ரிசீவர் மூன்று பருவமும் ஆடுவார். இந்தக் கணக்கைப் போடாமல் இருவரையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது. உதைப்பாளர்களுக்கு நட்சத்திரமே அரிதாகத்தான் கிடைக்கும், அவர்களை விட்டுவிடலாம்.

தனியொரு நட்சத்திரம் எதுவரை இழுத்துச் செல்லும் என்பதற்குக் கொலராடோ நல்ல சான்று. 2022 சேர்க்கையில் 247ஸ்போர்ட்ஸ் முதலிடம் அளித்த டிராவிஸ் ஹண்டர், ஜாக்சன் ஸ்டேட்டிலிருந்து பயிற்சியாளர் டியான் சாண்டர்ஸோடு கொலராடோ வந்தார். தாக்குதல், தடுப்பு என இரு பக்கமும் ஆடும் அபூர்வத் திறமையாளர். பிறகு ஹைஸ்மன் விருது வென்றவர். ஆனால் 2023இல் அணியின் லைன் பலவீனமாக இருந்ததால் குவார்ட்டர்பேக் 52 முறை ஸாக் செய்யப்பட்டார். அணி 4–8 என்று முடித்தது. அத்தனை பெரிய திறமையும் கடலில் கரைத்த பெருங்காயமாயிற்று. லைனைச் சீர்செய்த மறு ஆண்டில்தான் 9–4.

விலையும் தங்கும் காலமும்

2021 ஜூலை 1 முதல் கல்லூரி வீரர்கள் தங்கள் பெயரையும் உருவத்தையும் பயன்படுத்தும் உரிமைக்குப் பணம் பெறலாம். 2021இல் ஒருமுறை, 2024 முதல் எத்தனை முறை வேண்டுமானாலும், ஓராண்டு காத்திருக்காமல் அணி மாறலாம். 2025–26 முதல் பல்கலைக்கழகங்களே வீரர்களுக்கு நேரடியாகப் பணம் தரலாம். அந்த முதல் ஆண்டில் எல்லா விளையாட்டுகளுக்கும் சேர்த்து ஏறத்தாழ 2.05 கோடி டாலர் உச்சவரம்பு. ஆகவே ஐந்து நட்சத்திர வீரர் ஒருவரை வாங்குவதற்கு ஒரு விலை, ஒவ்வோர் ஆண்டும் தக்கவைத்துக்கொள்வதற்கு மறு விலை என்றாகிவிட்டது. டென்னசியின் ஐந்து நட்சத்திர குவார்ட்டர்பேக் நிக்கோ யமாலியாவா 2024 பருவத்தில் அணியைப் பிளேஆஃபுக்கு அழைத்துச் சென்றவர். 2025 ஏப்ரலில் ஊதியப் பேச்சுவார்த்தை முறிந்ததாகச் செய்திகள் வந்த சில நாட்களில் யுசிஎல்ஏ போய்விட்டார். யுசிஎல்ஏவில் அப்போது இருந்த, ஈராண்டுக் கல்லூரியிலிருந்து மேலே வந்த ஜோயி அகிலார் டென்னசிக்கு வந்தார். பண்டமாற்றுப்போலவே முடிந்தது.

தக்கவைத்துக்கொண்டால் என்ன கிடைக்கும் என்பதற்கு 2025 ஜனவரி 10 அன்று ஆர்லிங்டனில் ஒஹாயோ ஸ்டேட்டும் டெக்சாஸும் மோதிய அரையிறுதியைச் சொல்வேன். டிஃபென்சிவ் எண்ட் ஜாக் சாயரும் குவார்ட்டர்பேக் குவின் யூவர்ஸும் 2021இல் ஒஹாயோ ஸ்டேட்டில் சேர்ந்த ஐந்து நட்சத்திரக்காரர்கள். ஒரே அறையில் தங்கியவர்கள். யூவர்ஸ் அந்த ஆண்டிலேயே டெக்சாஸுக்குக் கிளம்பிவிட்டார். சாயர் பரம எதிரியான மிச்சிகனிடம் நான்கு ஆண்டுகளும் தோற்ற வலியோடு ஒஹாயோ ஸ்டேட்டிலேயே இருந்தார். அன்று 21–14 என்று பின்தங்கியிருந்த டெக்சாஸ், கோல் கோட்டுக்கு ஒரு யார்டு தொலைவுவரை வந்து, பின்வாங்கி, நான்காம் டவுனில் எட்டு யார்டிலிருந்து எறிய முனைந்தது. சாயர் முன்னாள் அறைத்தோழரின் கையிலிருந்த பந்தைத் தட்டிவிட்டு, அதைத் தாமே எடுத்துக்கொண்டு 83 யார்டு ஓடினார். டிராஃப்டில் அவர் போனது நான்காம் சுற்றில்தான். நட்சத்திரம் இட்டவர்களின் அளவுகோலில் அது பிழையான கணிப்பு. ஒஹாயோ ஸ்டேட்டிடம் கேட்டால் அவரைவிடச் சிறந்த சேர்க்கை இல்லை என்பார்கள். ஷெமார் ஸ்டூவர்ட்டை இவருக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

ஏ அண்ட் எம் பக்கம் நடந்ததோ வேறு. 2022 செப்டம்பரில் சொந்த மைதானத்தில் அப்பலாச்சியன் ஸ்டேட்டிடம் 17–14 என்று தோற்றதிலிருந்தே சரிவு தொடங்கியது. 2023 நவம்பரில் பயிற்சியாளர் ஜிம்போ ஃபிஷர் நீக்கப்பட்டார். ஒப்பந்தப்படி அவருக்குத் தர வேண்டியிருந்தது 7.5 கோடி டாலருக்கும் மேல். அந்த 2022 சேர்க்கையின் வால்டர் நோலன் ஓல் மிஸ்ஸுக்கும் (மிசிசிப்பி பல்கலைக்கழகம்), எவன் ஸ்டூவர்ட் ஆரகனுக்கும், கானர் வைக்மன் ஹூஸ்டனுக்கும், எல்.டி. ஓவர்டன் அலபாமாவுக்கும் போனார்கள். நோலன் ஓல் மிஸ் சட்டையோடுதான் முதல் சுற்றில் எடுக்கப்பட்டார். விதை வாங்கியவர் ஒருவர், அறுத்தவர் வேறொருவர்.

குறிப்பேடு

சேர்க்கை நாளன்று நான் இப்போது என்ன செய்கிறேன் என்றால், என் அணியின் பட்டியலை ஒரு பழைய குறிப்பேட்டில் எழுதி, ஒவ்வொரு பெயருக்கு எதிரிலும் நட்சத்திரத்தை எழுதாமல் நான்கு விவரங்களை எழுதுகிறேன்: கூட்டு மதிப்பெண்ணின் தசம எண், ஆடும் இடம், அவருக்கு முன்னால் அந்த இடத்தில் நிற்பவர் இன்னும் எத்தனை ஆண்டு ஆடுவார், அவரைச் சேர்த்த உதவிப் பயிற்சியாளர் யார். கடைசி விவரம் அற்பமாகத் தோன்றலாம். ஆனால் அந்த உதவிப் பயிற்சியாளர் வேறு அணிக்குப் போனால் அவர் சேர்த்த வீரர்களில் சிலரும் பின்தொடர்வார்கள் என்று எதிர்பார்க்கலாம். பிறகு மூன்று தேதிகளைக் குறித்துவைக்கிறேன். முதலாண்டு அக்டோபரில் இவர்களில் எத்தனை பேர் இரண்டாம் வரிசைக்காவது வந்துவிட்டார்கள் என்றும், இரண்டாம் ஆண்டு ஜனவரியில், அணி மாற விரும்புபவர்களின் பட்டியலான டிரான்ஸ்ஃபர் போர்ட்டலில் எத்தனை பெயர்கள் இருக்கின்றன என்றும், மூன்றாம் பருவத்தின் முதல் ஆட்டத்தில் எத்தனை பேர் தொடக்கத்திலேயே களமிறங்குகிறார்கள் என்றும் பார்க்கிறேன். இருபத்தைந்து பேரைச் சேர்த்த அணியில் இந்த மூன்றாவது எண் பத்தை எட்டினால், அது நல்ல சேர்க்கை என்பது என் சொந்த அளவுகோல். மூன்று ஆண்டுகள் கழியும்வரை எந்தச் சேர்க்கையைப் பற்றியும் பந்தயம் கட்டுவதில்லை என்றும் முடிவெடுத்திருக்கிறேன். பிரியாணி நண்பருக்கு மட்டும் அந்த முடிவில் வருத்தம்.